பழமை பேணலும் திருத்தமும்: பியட் 1100 காரின் வரலாற்றை முன்வைத்து ஒரு நோக்கு

வரலாறு என்பது அரசர்களின் பரம்பரையையும் போர்களின் வெற்றி தோல்விகளையும் மட்டும் கூறுவதன்று என்னும் கருத்து இன்று பெரிதும் ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. ஒரு சமுதாயம் கையாண்ட கருவிகளும் அக்கருவிகளைப் பழுது பார்த்துக் காத்த தொழிலாளரின் திறனும் வரலாற்றின் பொருள்களே. கிழக்கிலங்கைக் கரையோர மக்களின் வாழ்வை ஆராய்வோர் கலப்பையையும் தோணியையும் மருதமுனைத் தறியையும் ஆராய்வதற்கு எத்துணை நியாயம் உண்டோ, அத்துணை நியாயம் இருபதாம் நூற்றாண்டில் இவ்வூர்களின் வீதிகளில் ஓடிய மோட்டார் வண்டிகளை ஆராய்வதற்கும் உண்டு.

ஒரு வினாவிலிருந்து இவ்வாராய்ச்சியைத் தொடங்கலாம். கல்முனையில் வாழும் ஒருவர் 1950களில் செய்யப்பட்ட இத்தாலியக் கார் ஒன்றை வாங்குகின்றார் எனக் கொள்வோம். கண்காட்சியில் நிறுத்தி வைப்பது அவரது எண்ணமன்று. நிந்தவூருக்கும் அக்கரைப்பற்றுக்கும் மட்டக்களப்புக்கும் குடும்பத்தோடு ஓட்டிச் செல்வதே எண்ணம். அக்காரில் அவர் எவற்றை மாற்றலாம்? எவற்றை மாற்றலாகாது? இவ்வினாவுக்குப் பொதுவாக இரு விடைகள் கூறப்படுகின்றன. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலையினின்றும் ஓர் ஆணியேனும் மாறலாகாது என்பது ஒரு சாராரின் கட்சி. உடல் மட்டும் பழையதாயிருந்தால் போதும், உள்ளிருப்பவை யாவும் புதிய ஜப்பானியப் பொருள்களாகட்டும் என்பது மறுசாராரின் கட்சி. இவ்விரு கட்சியினரும் தாம் வாதிடும் பொருளின் வரலாற்றை நோக்கத் தவறிவிடுகின்றனர். இலங்கை வீதிகளிலும் ஒரு காலத்தில் ஓடிய பியட் 1100 என்னும் காரின் வரலாற்றை ஆராயின், திருத்தம் என்பது பழமைக்குப் பகையன்று என்பதும், ஆயினும் எல்லாத் திருத்தமும் திருத்தமன்று என்பதும் ஒருங்கே புலனாகும்.

தூரின் நகரின் தொழிற்சாலை

பியட் நிறுவனம் 1899ஆம் ஆண்டு வட இத்தாலியின் தூரின் நகரில் தோன்றியது. செல்வந்தரின் விளையாட்டுப் பொருளாகத் தொடங்கிய மோட்டார் காரை நடுத்தர வகுப்பினரின் கைக்கு எட்டச் செய்யும் முயற்சியில் அந்நிறுவனம் 1930களில் பெரிதும் ஈடுபட்டது. அம்முயற்சியின் முதுகெலும்பாக விளங்கியவர் தாந்தே ஜியாகோசா என்னும் பொறியியலாளர். 1936இல் வெளிவந்த 'தொப்போலினோ' என்னும் சிறு காரும், 1957இல் வெளிவந்த புதிய பியட் 500 காரும் அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படுவன. 1937இல் அவர் உருவாக்கிய 508 சி என்னும் கார் 1089 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் என்ஜினைக் கொண்டது. வால்வுகள் சிலிண்டரின் தலைப் பகுதியில் அமைந்தமையும், அத்தலை அலுமினியத்தால் ஆனமையும் அக்காலத்துச் சாதாரணக் கார்களில் எளிதிற் காணக்கூடியன அல்ல. இக்காரே சிறிது காலத்தில் 1100 என்னும் பெயரைப் பெற்றது.

போருக்குப் பின்னர், 1953ஆம் ஆண்டு ஜெனீவாக் கண்காட்சியில் 1100/103 என்னும் புதிய வடிவம் அறிமுகமாயிற்று. முந்திய காரில் தனியான இரும்புச் சட்டத்தின் மீது உடல் பொருத்தப்பட்டிருந்தது. புதிய காரிலோ சட்டம் வேறு உடல் வேறு என்ற பிரிவு இல்லை. தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டி இணைத்த உடலே பாரத்தைத் தாங்கியது. தொடக்கத்தில் அதன் வலு 36 குதிரைவலு மட்டுமே. ஆயினும் அதே ஆண்டில் வெளிவந்த வேக வகைக் காரில் அதே 1089 கன சென்ரிமீற்றர் என்ஜின் 50 குதிரைவலுவைத் தந்தது. அடிப்படை என்ஜின் ஒன்றாயிருக்க, காபரேற்றர் முதலிய உறுப்புகளைச் செம்மைப்படுத்தியதனால் இவ்வளவு வேறுபாடு விளைந்தது. இவ்வுண்மை பின்னர் கூறப்படவுள்ள வாதத்துக்கு அடிப்படையாக அமைவதாகும்.

1100 கார் தூரின் தொழிற்சாலையிலேயே தொடர்ந்து மாறிக்கொண்டு வந்தது. தொடக்கத்தில் பின்புறக் கீலில் திறந்த முன்கதவுகள் பின்னர் முன்புறக் கீலுக்கு மாற்றப்பட்டன. ஓடும்போது கதவு திறந்துகொண்டால் காற்று அதனை மேலும் அகலத் திறந்துவிடும் என்ற அபாயம் இதனால் நீங்கிற்று. 1962இல் வந்த 1100 டி வகையில் என்ஜினின் கொள்ளளவு 1221 கன சென்ரிமீற்றராக உயர்ந்தது. 1966இல் வந்த 1100 ஆர் வகையில் முன்சக்கரங்களுக்குத் தட்டு பிரேக் பொருத்தப்பட்டது. 1969இல் இத்தாலியில் இக்காரின் உற்பத்தி நின்றது. எனவே 'உண்மையான 1100' எது என்று கேட்பின், ஒரே விடை கூறல் இயலாது. பதினாறு ஆண்டுகளில் அதனைச் செய்தவர்களே அதனைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

திருத்துதலும் ஒரு மரபு

செய்தவர்கள் மட்டுமா திருத்தினார்கள்? இத்தாலியின் சிறு பட்டறைகள் பலவற்றின் வரலாறே இவ்வென்ஜினைத் திருத்திய வரலாறாகும். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற என்சோ பெராரி, அல்பா ரோமியோ நிறுவனத்தை விட்டு விலகியபின் 1940ஆம் ஆண்டு மொடேனா நகரில் இரண்டு பந்தயக் கார்களை உருவாக்கினார். பிரிந்தபோது செய்துகொண்ட உடன்பாட்டினால் தம் பெயரைக் காருக்கு இட முடியாதிருந்த அவர், அவற்றுக்கு 815 என்னும் எண்ணையே பெயராக இட்டார். அவற்றின் எட்டுச் சிலிண்டர் என்ஜின் 508 சி காரின் உறுப்புகளை அடியாகக் கொண்டு அமைந்தது. பெராரியின் முதல் முயற்சியே ஒரு பியட் காரின் திருத்தமாக இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

போர் முடிந்ததும் தூரினில் தோன்றிய சிசித்தாலியா நிறுவனமும் பியட் 1100இன் என்ஜினையே தன் கார்களுக்குப் பயன்படுத்தியது. அந்நிறுவனத்தின் 202 என்னும் கார் 1951இல் நியூயோர்க் நகரின் நவீன கலை அரும்பொருட்சாலையில் நிகழ்ந்த மோட்டார் கார்க் கண்காட்சியில் கலைப்பொருளாக வைக்கப்பட்டது. 1949இல் தொடங்கப்பட்ட அபார்த் நிறுவனம் பியட் கார்களுக்கான புகைபோக்கிகளையும் வலுவூட்டும் உறுப்புத் தொகுதிகளையும் விற்றுப் புகழ் பெற்றது. 1950களின் இறுதியில் தோன்றிய 'போர்முலா ஜூனியர்' என்னும் பந்தய வகையில் ஸ்ராங்குவெலினி நிறுவனத்தின் கார்கள் இதே 1100 என்ஜினுடன் ஓடின.

இவற்றால் பெறப்படுவது யாது? சாதாரண மனிதனுக்காகச் செய்யப்பட்ட ஒரு காரை எடுத்து, அதன் இயல்பை உணர்ந்து, அதற்குள் மறைந்து கிடக்கும் ஆற்றலை வெளிக்கொணர்தல் இத்தாலியப் பட்டறையின் மரபு. ஆகவே பழைய இத்தாலியக் காரைத் திருத்துவோன் மரபை மீறுகின்றான் என்று கூறுவது அம்மரபை அறியாதார் கூற்றேயாகும். ஆனால் அப்பட்டறைகளின் கைவினைஞர் தம் முன்னிருந்த என்ஜினை முதலில் நன்கு அறிந்தனர். அதன் பின்னரே அதில் கை வைத்தனர்.

பம்பாயில் ஒரு மறுபிறப்பு

இலங்கையில் இக்காரை வைத்திருப்போருக்கு இத்தாலியைக் காட்டிலும் இந்தியாவே அண்மையானது. வால்சந்த் ஹிராசந்த் என்னும் தொழிலதிபர் 1944இல் பம்பாயில் பிரிமியர் ஓட்டோமொபைல்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனத்தின் வண்டிகளை இணைத்து விற்ற அந்நிறுவனம், 1950களின் தொடக்கத்தில் பியட் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டது. உள்நாட்டு உற்பத்தித் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இந்தியச் சந்தையில் இடமில்லை என்ற நிலை அக்காலத்தில் உருவாயிற்று. ஜெனரல் மோட்டர்ஸ், போர்ட் ஆகிய பெரு நிறுவனங்கள் தம் இணைப்பு வேலைகளை நிறுத்தி வெளியேறின. எஞ்சிய சில நிறுவனங்களுள் பிரிமியர் ஒன்று. 1954 அளவில் 1100 கார் அதன் குர்லாத் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது.

1960களின் நடுப்பகுதியில் 1100 டி காரின் உடலை அந்நிறுவனம் ஏற்றது. பியட் என்னும் பெயர் நீங்கி 1970களின் தொடக்கத்தில் 'பிரெசிடென்ட்' என்றும், 1974 முதல் சித்தூர் அரசியின் நினைவாகப் 'பத்மினி' என்றும் அக்கார் வழங்கலாயிற்று. இத்தாலியில் 1969இல் மறைந்த கார் இந்தியாவில் 2000ஆம் ஆண்டளவு வரை உயிர் வாழ்ந்தது. பம்பாய் நகரின் கறுப்பு மஞ்சள் வாடகைக் கார்களாக அது பெற்ற புகழ் பெரிது. அந்நகரின் கடைசிப் பத்மினி வாடகைக் கார் 2023 ஒக்ரோபர் மாத இறுதியில் சேவையிலிருந்து நீங்கியது.

இவ்வரலாற்றின் பயன் வெறும் செய்தி அறிவு மட்டுமன்று. பழைய கார் ஒன்றை வாங்க விரும்புவோன் முதலில் ஆராய வேண்டியது அதன் அழகையன்று, அதன் உறுப்புகள் கிடைக்குமா என்பதையே. எண்ணிக்கையிற் குறைந்த அல்பா ரோமியோவையோ லான்சியாவையோ வாங்குவோன் ஒரு சிறு உறுப்புக்கும் ஐரோப்பாவை எதிர்நோக்க நேரும். 1100க்கோ, பாக்கு நீரிணையின் மறுபுறத்தில் முப்பது ஆண்டுகள் மேலதிகமாக உறுப்புகள் உற்பத்தியாயின. பத்மினியின் என்ஜினும் கியர் பெட்டியும் முன்சக்கரத் தாங்கிகளும் 1100இன் நேர் வழித்தோன்றல்கள். அறிவார்ந்த கொள்வனவு என்பது இங்கிருந்துதான் தொடங்குகின்றது.

மூடிய துறைமுகமும் திறந்த பட்டறையும்

இனி இலங்கைக்கு வருவோம். 1953க்குப் பின் இலங்கைக்கு வந்த 1100 கார்களின் எண் தகடுகளே ஒரு வரலாற்று ஆவணம். முதலில் வந்தவை ஆங்கில எழுத்துகளைத் தாங்கின. 1957 முதல் புதிதாகப் பதிவு செய்யப்பட்ட வண்டிகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து இடம் பெற்றது. அவ்வெழுத்து வடக்கிலும் கிழக்கிலும் எதிர்ப்பியக்கத்துக்குக் காரணமாயிருந்ததும், 1958ஆம் ஆண்டின் துயர நிகழ்ச்சிகளுக்கு முன்னோடியாயமைந்த பூசல்களுள் ஒன்றாயிருந்ததும் யாவரும் அறிந்தவை. ஒரே வகைக் காரின் இரண்டு எண் தகடுகளுக்கிடையில் ஒரு நாட்டின் அரசியல் மாற்றம் பதிந்து கிடக்கின்றது. பழைய தகட்டைக் கழற்றி எறிவோன் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களின் வருமானம் இறக்குமதிச் செலவை ஈடு செய்யவில்லை. மோட்டார் கார் ஆடம்பரப் பொருளாகக் கருதப்பட்டு அதன் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1968இல் கொண்டுவரப்பட்ட அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறையும் அத்தியாவசியமல்லாத பொருள்களின் விலையை உயர்த்தியது. 1970 முதல் 1977 வரை கட்டுப்பாடு மேலும் இறுகிற்று. அக்காலத்தில் உபாலி விஜேவர்தனவின் நிறுவனம் பியட், மஸ்தா கார்களை இந்நாட்டில் இணைத்து விற்க முயன்றமை தனித்துக் குறிப்பிடத்தக்க முயற்சியாகும். 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுந்தபின் ஜப்பானியக் கார்கள் பெருகின. அதுகாறும் இருந்த கார்களே ஓடியாக வேண்டும் என்ற நிலையில் நாடு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளைக் கழித்தது.

இக்காலமே இலங்கைப் பட்டறைத் தொழிலாளனின் பயிற்சிக் காலம். உறுப்பு தேய்ந்தால் வாங்குவதற்கு இல்லை. எனவே லேத் இயந்திரத்தில் கடைந்து புதிதாகச் செய்ய வேண்டும், அல்லது வேறொரு காரின் உறுப்பை அளவறிந்து பொருத்த வேண்டும். தேவை ஆசிரியனாக அமைந்தது. பிற்காலத்தில் போரின் போது யாழ்ப்பாணத்தில் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் விளைவாக, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் சிறிதளவு பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டதும் இவ்வறிவின் தொடர்ச்சியேயாம். அத்தகைய மாற்றத்தைக் காருக்கு இழைத்த கொடுமை என்று பழமைப் பற்றாளர் கூறலாம். அக்காரில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்ட நோயாளி அவ்வாறு கூறார்.

வரலாறு மீண்டும் திரும்பியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு கடனைச் செலுத்த இயலாத நிலையை அறிவித்தது. அவ்வாண்டில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவை எட்டிற்று. எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். தனியார் கார்களின் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இவ்வைந்தாண்டு அனுபவம், பழைய வண்டியைக் காப்பாற்றும் அறிவு காலம் கடந்த அறிவன்று என்பதை உணர்த்திவிட்டது.

கரையோரத்தில் கார் வாங்குதல்

அம்பாறைக் கரையோர ஊர்களின் புவியியல் பழைய காருக்கு இரு சோதனைகளை வைக்கின்றது. முதலாவது கடல். பெரியநீலாவணை முதல் பொத்துவில் வரை ஊர்கள் கடலை ஒட்டியே வரிசையாக அமைந்துள்ளன. வாடைக் காலத்தில் கடலிலிருந்து வீசும் ஈரக் காற்று உப்பைச் சுமந்து வந்து இரும்பில் படிய வைக்கின்றது. உடலே சட்டமாக அமைந்த 1100 போன்ற காரில் துரு என்பது தோலில் தோன்றும் தேமலன்று, எலும்பைத் தின்னும் நோய். கதவின் கீழுள்ள நெடும் பெட்டித் தகடு, தளம், சக்கர வளைவு, வில் தகடுகள் பொருந்துமிடம் ஆகியவை உளுத்திருப்பின், மேலே பூசிய வர்ணம் எவ்வளவு பளபளத்தாலும் அக்காரின் வலு போயிற்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையோரத்தை அழித்தபோது கடல் நீருள் மூழ்கிய வண்டிகள் பல. அத்தகைய வண்டியின் பெட்டித் தகடுகளுக்குள் தங்கிய உப்பு ஆண்டுகள் பல கடந்தும் தன் வேலையைச் செய்யும்.

ஆதலின் வாங்குவோன் என்ஜினின் ஓசையைக் கேட்பதற்கு முன் காரின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். என்ஜினைத் திருத்தலாம், மாற்று உறுப்பும் தேடலாம். உளுத்த உடலைச் சீர்செய்வதற்கு ஆகும் செலவோ காரின் விலையைக் கடந்துவிடும். வர்ணம் மங்கி, உடல் திடமாயிருக்கும் கார், வர்ணம் மின்னி, உடல் உளுத்த காரைவிட மேலானது. அடுத்து, பதிவுப் புத்தகத்திலுள்ள சசி எண்ணும் என்ஜின் எண்ணும் காரில் பொறிக்கப்பட்டவற்றோடு ஒத்துள்ளனவா எனப் பார்த்தல் அவசியம். போரினாலும் பேரலையினாலும் ஆவணங்கள் பல அழிந்த பிரதேசத்தில் இது வெறும் சம்பிரதாயமன்று. ஆவணமில்லாத கார் சட்டத்தின் கண்ணில் கார் அன்று, பழைய இரும்பு மட்டுமே.

இரண்டாவது சோதனை வீதி. கொழும்பையும் மட்டக்களப்பையும் இரத்தினபுரி, பொத்துவில், கல்முனை வழியாக இணைக்கும் ஏ4 நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 430 கிலோமீற்றர். கல்முனைப் பகுதியில் அது சமதரை. ஆனால் பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்கும் பகுதி நீண்ட வளைவுகளைக் கொண்டது. 1953ஆம் ஆண்டின் கார் நான்கு சக்கரங்களிலும் உருளை பிரேக்கையே கொண்டிருந்தது. நெடிய இறக்கத்தில் இடைவிடாது மிதிக்கப்படும் உருளை பிரேக் சூடேறித் தன் பிடியை இழக்கும். அன்றைய வீதியில் வண்டிகள் சில, வேகமும் குறைவு. இன்றைய வீதியில் முன்னே செல்லும் புதிய வாகனம் திடீரென நிற்கும் ஆற்றல் உடையது. பின்னே வரும் பழைய காருக்கு அவ்வாற்றல் இல்லையேல், அது காரோட்டியின் தனிப்பட்ட விருப்பத்தின் பாற்பட்ட விடயமாக இருப்பதில்லை. வீதியைக் கடக்கும் பள்ளி மாணவனின் உயிர் அதிற் சம்பந்தப்பட்டுவிடுகின்றது.

எவற்றைத் திருத்தலாம்

இங்கிருந்து திருத்தத்தின் வரிசை முறை தெளிவாகின்றது. முதலில் நிற்றல், பின்னர் காணுதல், அதன்பின் குளிர்தல், இறுதியில் ஓடுதல். நடைமுறையில் பலரும் இவ்வரிசையைத் தலைகீழாகக் கொண்டு, முதலில் வேகத்துக்கே பணம் செலவிடுகின்றனர்.

நிற்றல் என்பது பிரேக். பழைய இறப்பர் குழாய்களையும் சிலிண்டர் வளையங்களையும் முழுமையாக மாற்றுதல் முதற்படி. அக்காலக் கார்களில் பொதுவாக ஒரே எண்ணெய்ச் சுற்றே நான்கு சக்கரங்களுக்கும் சென்றது. ஓரிடத்தில் ஒழுகினால் பிரேக் முழுவதும் இல்லாமற் போகும். முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாகப் பிரித்தல் உயிர் காக்கும் திருத்தம். முன்சக்கரங்களுக்குத் தட்டு பிரேக் பொருத்துவதற்கு 1966ஆம் ஆண்டின் 1100 ஆர் காரே முன்மாதிரி. அத்தோடு, அக்காலக் குறுக்கு இழை டயருக்குப் பதிலாக இன்றைய ஆரை இழை டயரைப் பொருத்தினால் ஈர வீதியில் பிடிமானம் கூடும். இலங்கையில் 2011 முதல் முன்னிருக்கைகளுக்கு இருக்கைப் பட்டி கட்டாயமாக்கப்பட்டது. பழைய காரிலும் உறுதியான இடத்தில் அதனைப் பொருத்துதல் கடமையாகும்.

காணுதல் என்பது மின்னமைப்பு. பழைய டைனமோ என்ஜின் மெதுவாகச் சுழலும்போது போதிய மின்சாரத்தைத் தராது. இரவில் கல்முனைக் கடைத்தெரு நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரின் விளக்கு மங்கிப் பற்றரியும் இறங்கும். ஓல்ரனேற்றர் பொருத்தினால் இக்குறை தீரும். துணியுறை உலர்ந்து வெடித்த பழைய வயர்களை மாற்றுவது தீ விபத்தைத் தடுக்கும்.

குளிர்தல் என்பது மூன்றாவது. கச்சான் வீசும் மாதங்களில் இப்பகுதியின் வெப்பம் தூரின் நகரின் பொறியியலாளர் கருத்திற் கொண்டதன்று. அலுமினியத் தலை அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் வளைந்துவிடும். றேடியேற்றரின் உட்குழாய்களைப் புதுப்பித்தலும், கிணற்று நீரை ஊற்றாது துருத்தடுப்பு மருந்து கலந்த நீரை ஊற்றுதலும் செலவு குறைந்த, பயன் மிகுந்த திருத்தங்கள்.

ஓடுதல் இறுதியானது. தீப்பொறி வழங்கும் தொடுமுனைகளுக்குப் பதிலாக மின்னணு அமைப்பைப் பொருத்தலாம். பழைய உறுப்பை ஒரு பெட்டியிலிட்டு வைத்தால் எப்போது வேண்டினும் மீளப் பொருத்தலாம். மேலும் வலு தேவைப்படின், அதே குடும்பத்தைச் சேர்ந்த பிற்கால 1100இன் உறுப்புகளை நாடுதல் தகும். 36 குதிரைவலு 50 ஆனது பியட் நிறுவனம் தானே காட்டிய வழி.

எதிர்வாதமும் விடையும்

ஜப்பானிய என்ஜினைப் பொருத்துவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அது மலிவானது, எளிதிற் கிடைப்பது, எரிபொருளையும் சேமிப்பது. இறக்குமதி மூடப்பட்ட காலத்தில் வாழ்வாதாரத்துக்காக அவ்வாறு செய்தவனைக் குறை கூறும் உரிமை எவருக்கும் இல்லை. பிரிமியர் நிறுவனமே 1985இல் பியட் 124இன் உடலில் நிசான் என்ஜினைப் பொருத்தி விற்றதன்றோ என்றும் அவர்கள் கேட்கலாம்.

ஆயினும் இரு வேறுபாடுகளைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். தொழிற்சாலை என்ஜினை மாற்றியபோது அதற்கேற்பப் பிரேக்கையும் தாங்கிகளையும் சேர்த்தே கணித்தது. பட்டறையில் என்ஜின் மட்டும் மாறுகின்றது. 36 குதிரைவலுவுக்குச் செய்யப்பட்ட உடலும் பிரேக்கும் அப்படியே நிற்கின்றன. இதனால் கார் வேகமாக ஓடும், நிற்கமாட்டாது. மேலும் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் இயங்கும் பதிவு முறையில் என்ஜின் எண் காரின் அடையாளங்களுள் ஒன்று. அம்மாற்றம் முறைப்படி பதியப்படாவிடின், பின்னர் அக்காரை வாங்குவோன் துன்புறுவான். இரண்டாவது வேறுபாடு தேவைக்கும் விருப்பத்துக்கும் இடையிலானது. மூடிய பொருளாதாரத்தில் வேறு வழியின்றிச் செய்த மாற்றத்தை, வழி உள்ளபோதும் செய்தல் அதே செயலன்று. தகட்டை வெட்டி என்ஜின் அறையை அகலமாக்கியபின் அக்கார் ஒருபோதும் பழைய நிலைக்குத் திரும்பாது.

மறுபுறத்தில், ஓர் ஆணியும் மாறலாகாது என்போருக்கு அவர்கள் பெரிதும் மதிக்கும் ஆவணமே விடை கூறுகின்றது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசச் சம்மேளனம் உருவாக்கிய தூரின் சாசனம் 2013இல் இறுதி வடிவம் பெற்றது. கட்டடங்களையும் நினைவுச் சின்னங்களையும் பேணுவதற்கு 1964இல் எழுந்த வெனிஸ் சாசனத்தின் சிந்தனையை அது வாகனங்களுக்கு விரித்தது. பழைய வாகனம் வீதியில் ஓட வேண்டும் என்பதையும், பாதுகாப்பின் பொருட்டும் சட்டத்தின் பொருட்டும் சில மாற்றங்கள் தேவைப்படும் என்பதையும் அச்சாசனம் ஏற்கின்றது. அம்மாற்றங்கள் அடக்கமாக இருத்தல் வேண்டும், மீளப்பெறத்தக்கனவாக இருத்தல் வேண்டும், கழற்றிய மூல உறுப்புகள் பேணப்படல் வேண்டும் என்பனவே அதன் நிபந்தனைகள். பியட் பிறந்த அதே நகரின் பெயரால் இந்நெறி வழங்குவது பொருத்தமானதே.

எழுதப்படாத அறிவு

இவ்வாராய்ச்சியினால் பெறப்படும் அளவுகோல் எளியது. ஒரு திருத்தம் வீதியில் செல்லும் பிறரின் உயிரைக் காக்கின்றதா? அக்காரின் சொந்த மரபில் அதற்கு முன்மாதிரி உண்டா? வேண்டும்போது அதனை மீளப்பெற முடியுமா? முதல் வினாவுக்கு 'ஆம்' என விடை வருமாயின் எவரும் தயங்க வேண்டியதில்லை. அது உயிரைப் பற்றியதாகாதவிடத்து மற்றை இரு வினாக்களுக்கும் சாதகமான விடை பெற்ற பின்னரே கருவியைக் கையிலெடுத்தல் வேண்டும்.

ஆனால் இவ்வளவுகோலைப் பயன்படுத்த வல்லவர் யார்? பதிவுப் புத்தகத்தில் சசி எண் எழுதப்பட்டுள்ளது. சாசனத்தில் நெறிகள் எழுதப்பட்டுள்ளன. தேய்ந்த உறுப்பைக் கையால் தடவியே அளவு கூறும் பட்டறைத் தொழிலாளனின் அறிவு எங்கும் எழுதப்படவில்லை. மூடிய துறைமுகத்தின் காலத்தில் தொழில் பயின்ற தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்களிடம் பயின்ற இளையோர் கணினி இணைத்துப் பழுதறியும் புதிய வாகனங்களை நாடிச் செல்கின்றனர், அதில் தவறுமில்லை. கல்முனையின் வாணிகத்தையும் மருதமுனையின் நெசவையும் ஆராய முற்படும் பல்கலைக்கழக மாணவர், கரையோரப் பட்டறைகளுக்கும் சென்று அத்தொழிலாளரின் சொற்களையும் முறைகளையும் அவர்கள் வாழும் காலத்திலேயே பதிவு செய்தல் வேண்டும். 2020இல் மூடிய துறைமுகம் இனி ஒருபோதும் மூடாது என்று உறுதி கூறுவார் எவருமில்லை.